சதுர அடி ரேட் கடைசிக் கேள்வி: மதுரையில் ஷெட், குடோன் வாடகைக்குப் பார்ப்பவர்களுக்கு

மதுரையில் பட்டறைக்கோ குடோனுக்கோ இடம் தேடுகிறவர் புரோக்கரிடம் கேட்கும் முதல் கேள்வி, "சதுர அடி என்ன ரேட்டுண்ணே?" என்பதுதான். நானும் அதைத்தான் கேட்டேன். ஒரு ஷெட்டுக்குப் பன்னிரண்டு ரூபாய் சொன்னார். கொஞ்சம் தள்ளி இன்னொன்றுக்குப் பதினாறு. பன்னிரண்டு ரூபாய் ஷெட்டை முடித்தேன்.

எங்களுடையது ரப்பர் பாகங்களை அச்சில் வார்க்கும் சிறிய யூனிட். ஆறு பிரஸ். ஹீட்டரும் பம்ப் மோட்டாரும் சேர்ந்து ஒவ்வொன்றும் எட்டு கிலோவாட் இழுக்கும். ஷெட்டில் த்ரீ பேஸ் லைன் இருந்தது, மீட்டர் ஓடியது, சரி என்று விட்டுவிட்டேன். அட்வான்ஸ் கொடுத்து, கிரேன் வைத்து பிரஸ்களை இறக்கி, பவுண்டேஷன் போட்டு, வயரிங்காரர் வந்து இ.பி. அட்டையைக் கேட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. அந்த சர்வீஸுக்கு அனுமதிக்கப்பட்ட லோடு 18 கிலோவாட். எனக்குத் தேவை 48. ஓனரிடம் கேட்டால், "முன்னாடி இருந்தவரு மூட்டதான் அடுக்கினாரு, அவருக்குப் போதுமா இருந்துச்சு" என்றார். அந்தப் பகுதி டிரான்ஸ்பார்மரில் கூடுதல் லோடுக்கு இடமில்லை. புது டிரான்ஸ்பார்மர் வரும்வரை ஏழு மாதம் இரண்டு பிரஸ் கரண்டில், இரண்டு ஜெனரேட்டரில், மீதி இரண்டு தார்ப்பாய்க்குள். சதுர அடிக்கு நான்கு ரூபாய் மிச்சம் பிடித்ததைப் போல் பல மடங்கு டீசலில் போனது.

அதிலிருந்து நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான். வாடகை என்பது ஓர் இடத்தில் தொழில் நடத்த ஆகும் செலவில் ஒரு வரி மட்டுமே. இரண்டு இடங்களை ஒப்பிடும்போது அந்த முழுச் செலவையும், வெளியேறும்போது ஆகும் செலவையும் சேர்த்துத்தான் ஒப்பிட வேண்டும். அந்த முழுச் செலவு ஒரே ஷெட்டுக்கு ஒவ்வொரு தொழிலிலும் வேறாக இருக்கும். அதனால் "நல்ல ஷெட்" என்று பொதுவாக ஒன்று கிடையாது; உங்கள் தொழிலுக்கு நல்ல ஷெட் என்றுதான் உண்டு.

ஊரைச் சுற்றி எங்கே என்ன

மதுரையில் தொழில் இடங்கள் சாலைகளைப் பிடித்துக்கொண்டு வளர்ந்தவை. வடக்கிருந்து திண்டுக்கல் வழியாக வரும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை, சமயநல்லூரில் நகருக்குள் நுழையாமல் மேற்கே ஒதுங்கி, கப்பலூர், திருமங்கலம் வழியாகக் கன்னியாகுமரிக்குப் போகிறது. கிழக்குப் பக்கம் சுற்றுச்சாலை, மேலூர் சாலையையும் விரகனூரையும் கப்பலூரையும் கோத்துக்கொண்டு வருகிறது. திருச்சியிலிருந்து மேலூர் வழியாக வந்து அருப்புக்கோட்டை வழியாகத் தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போவது 38-ஆம் எண் சாலை. கண்டெய்னர் ஏற்றுமதி செய்கிறவருக்கு இந்தக் கடைசிச் சாலைதான் உயிர்நாடி.

1970-இல் தொடங்கப்பட்ட, தமிழக அரசின் சிறுதொழில் வளர்ச்சிக் கழகமான சிட்கோவின் கையில் மதுரையில் இருக்கும் இரண்டு முக்கியத் தொழிற்பேட்டைகள் கே.புதூரும் கப்பலூரும். புதூர் இன்றைக்கு நகரத்துக்குள்ளேயே இருக்கிறது. ஆட்கள் டவுன் பஸ்ஸில் வந்துவிடுவார்கள், லேத் வேலையோ டை வேலையோ வெல்டிங்கோ பக்கத்துத் தெருவில் முடிந்துவிடும். ஆனால் சுற்றிலும் வீடுகள். இரவு ஷிப்டில் சத்தம் போடும் தொழிலுக்கு ஏற்ற இடமல்ல. பகலில் கனரக வாகனங்களுக்கு நகருக்குள் நேரக் கட்டுப்பாடு உண்டு என்பதையும் பார்க்க வேண்டும். வெளியூர்க்காரர் கவனிக்கத் தவறும் இன்னொன்று: சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் மூன்றுமாவடி, புதூர் வழியாகத்தான் தல்லாகுளம் வருகிறார். எதிர்சேவையை ஒட்டிய நாட்களில் அழகர்கோவில் சாலையில் லாரி போகாது. அந்த வாரத்தில் டெலிவரி தேதி கொடுக்காமல் இருப்பது புதூர்த் தொழிலதிபர்களுக்குப் பழகிப்போன கணக்கு.

கப்பலூர் வேறு மாதிரி. தியாகராஜர் மில் 1936-லேயே அங்கே வந்துவிட்டது. பேட்டை அதன் அக்கம்பக்கத்தில் பின்னால் வளர்ந்தது. நெடுஞ்சாலை வாசலில். ராஜபாளையம், சிவகாசி, விருதுநகர்ப் பக்கம் சரக்குப் போகிறவருக்கு வசதி. திருமங்கலம், உசிலம்பட்டி, கள்ளிக்குடிப் பக்கத்து ஆட்கள் கிடைப்பார்கள். ஆனால் கப்பலூர் சுங்கச்சாவடி இருக்கிறது. உங்கள் வண்டி ஒரு நாளைக்கு எத்தனை முறை அதைத் தாண்டும் என்று பார்க்காமல் அந்தப் பக்கம் வாடகை பேசக்கூடாது. மாதாந்திர பாஸ் போட்டால் எவ்வளவு, போடாவிட்டால் எவ்வளவு என்று வாடகைக்குப் பக்கத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

திருமங்கலத்துக்குத் தெற்கே மண் கரிசல். கரிசல் மழையில் ஊதும், வெயிலில் பிளக்கும். அடித்தளம் சரியாகப் போடாத ஷெட்டில் தரை பாளம் பாளமாக விரிந்திருப்பதை அங்கே சாதாரணமாகப் பார்க்கலாம். மூட்டை அடுக்குகிறவருக்கு அது பரவாயில்லை. லெவல் பார்த்து மெஷின் நிறுத்துகிறவருக்கு முதலுக்கே மோசம். அந்தக் கரிசல் நல்ல விளைநிலம் என்பதையும் சொல்ல வேண்டும். சிவரக்கோட்டை, கரிசல்காளாம்பட்டி, சுவாமிமல்லம்பட்டி விவசாயிகள் தொழிற்பேட்டைக்கு நிலம் தர மாட்டோம் என்று பல ஆண்டுகள் நின்றார்கள். அவர்கள் கேட்டது நியாயம்தான் என்பது என் எண்ணம். அரசுப் பேட்டையில் இடம் கிடைக்காமல் நம்மைப் போன்றவர்கள் தனியார் ஷெட்டைத் தேடி அலைவதற்குப் பின்னால் இப்படியான காரணங்களும் இருக்கின்றன.

மேலூர் சாலையில் ஒத்தக்கடையைத் தாண்டினால் வெள்ளரிப்பட்டி டயர் ஆலைப் பக்கம் ரப்பர், வாகன உதிரிபாக வேலைக்குப் பழகிய ஆட்கள் கிடைப்பார்கள். கிழக்கே சிந்தாமணிப் பக்கம் அரிசி ஆலைகளும் குடோன்களும். பரவை, சமயநல்லூர், வாடிப்பட்டி பக்கம் காய்கறி, சரக்கு, நூல் சம்பந்தப்பட்ட தொழில்கள். ரயிலில் வரும் மொத்தச் சரக்குக்குக் கூடல்நகர் கூட்ஸ் ஷெட். விமான நிலையத்தைச் சுற்றி, பெருங்குடி, வலையங்குளம் பக்கம் இடம் பார்க்கிறவர்கள் உயரக் கட்டுப்பாட்டையும், ஓடுபாதை விரிவாக்கத்துக்கான நில எடுப்பு வரம்புக்குள் அந்த சர்வே எண் வருகிறதா என்பதையும் முதலிலேயே கேட்டுவிட வேண்டும்.

காலி ஷெட் யாருக்கு முதலில் தெரியும்

புரோக்கர் கையில் இருக்கும் இடங்கள் பாதிதான். இணையத்தில் போட்டிருப்பவற்றில் ஒரே ஷெட் மூன்று பேர் பெயரில், மூன்று அளவில் இருக்கும். ஓர் இடம் காலியாகப் போகிறது என்பது முதலில் தெரிவது அங்கே வேலை பார்த்தவர்களுக்குத்தான். கூரையைத் தாங்கும் இரும்புச் சட்டமான ட்ரஸ் போடும் வெல்டிங் பட்டறைக்காரர், பேனல் வேலை பார்க்கும் எலக்ட்ரிக்கல் காண்ட்ராக்டர், லாரி புக்கிங் ஆபீஸ், பழைய இரும்பு எடுப்பவர், இவர்களிடம் ஒரு வார்த்தை போட்டு வையுங்கள். இன்னார் மெஷினை விற்கிறார் என்றால் அடுத்த மாதம் அந்த ஷெட் காலி. சிறு, குறு தொழில் செய்கிறவர்களுக்கு மடீட்சியா என்ற மதுரை மாவட்டச் சங்கம் இருக்கிறது. அங்கே உறுப்பினராக இருப்பவர் ஒருவரைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. எந்தப் பேட்டையில் யார் இடம் மாறுகிறார் என்பது அங்கே பேச்சோடு பேச்சாக வந்துவிடும்.

பேரம் பேச நல்ல மாதம் ஆடி. யாரும் புதுத் தொழில் தொடங்க மாட்டார்கள், ஷெட் ஓனர்களும் இறங்கி வருவார்கள். ஆடியில் பேசி, அட்வான்ஸில் ஒரு பகுதி கொடுத்து, ஆவணியில் பால் காய்ச்சிக் குடியேறினால் இரண்டு பக்கமும் மனத்துக்கு நிறைவு. தை பிறந்துவிட்டால் அந்தப் பேச்சு எடுபடாது.

முதலில் இ.பி. அட்டை

ஷெட்டுக்குள் கால் வைக்கும் முன் மின் இணைப்பு எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். அதை வைத்து மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும்: அனுமதிக்கப்பட்ட லோடு எவ்வளவு, எந்தக் கட்டண வகை, பாக்கி இருக்கிறதா.

கட்டண வகையைப் பலர் கண்டுகொள்வதில்லை. தமிழ்நாட்டில் குடிசைத் தொழில், மிகச் சிறு தொழிலுக்கான மூன்று-ஏ வகை 12 கிலோவாட் வரைதான். அதற்கு மேல் போகும் தாழ்வழுத்தத் தொழில் இணைப்பு மூன்று-பி. வெறும் குடோன் என்றால் வணிகக் கட்டணம். குடோனாக இருந்த இடத்தில் நீங்கள் பட்டறை போட்டாலும், பட்டறையாக இருந்ததை நீங்கள் குடோனாக்கினாலும் வகையை மாற்ற எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுத்த வகைக்கு மாறான பயன்பாடு 2003 மின்சாரச் சட்டத்தின் 126-ஆம் பிரிவில் வரும். அதில் மதிப்பீடு உரிய கட்டணத்தைப் போல் இரு மடங்கு.

லோடு குறைவாக இருந்தால் என் கதைதான். அதிகமாக இருந்தாலும் செலவுதான். தாழ்வழுத்தத் தொழில் இணைப்பில் நிலைக் கட்டணம் அனுமதிக்கப்பட்ட லோடைப் பொறுத்தது. மெஷின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் அது வரும். ஹெச்.டி. என்கிற உயரழுத்த இணைப்பு என்றால் அனுமதித்த டிமாண்டில், அதாவது இழுக்க அனுமதித்த உச்ச அளவில், குறைந்தது 90 சதவீதத்துக்குக் கட்ட வேண்டும். பெரிய கம்பெனி விட்டுப்போன ஹெச்.டி. ஷெட்டைக் குறைந்த வாடகையில் எடுத்த ஒருவர், மாதா மாதம் வந்த டிமாண்ட் கட்டணத்தைப் பார்த்துத் திகைத்ததை நேரில் பார்த்திருக்கிறேன்.

கூடுதல் லோடு வாங்கினால் யார் பணம் கட்டுவது, வாங்கிய லோடு யாருக்கு என்பதையும் பேசிக்கொள்ள வேண்டும். சர்வீஸ் பெரும்பாலும் ஓனர் பெயரில்தான் இருக்கும். டெபாசிட் நீங்கள் கட்டுவீர்கள், திரும்ப வரும்போது இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான் வரும். நீங்கள் லட்சக்கணக்கில் கட்டி வாங்கிய லோடோடுதான் ஓனர் அந்த ஷெட்டை அடுத்தவருக்கு அதிக வாடகைக்கு விடுவார். அதனால் அந்தத் தொகையை வாடகையில் மாதா மாதம் கழிப்பதா, காலி செய்யும்போது ஓனர் தருவதா என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். இதைக் கேட்டால் கோபப்படும் ஓனரை நான் இன்னும் பார்க்கவில்லை. கேட்பவர்தான் குறைவு.

ஒரே ஜோடி ஷெட், இரண்டு தீர்ப்பு

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் எல்லாம் கணக்குக்காக வைத்துக்கொண்டவை. உங்கள் எண்களை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

ஊருக்கு வெளியே ஒரு ஷெட். 5,000 சதுர அடி, ரேட் 12 ரூபாய், மாதம் 60,000. அட்வான்ஸ் பத்து மாதம், அதாவது 6 லட்சம். அந்தப் பணத்துக்கு ஆண்டுக்கு 12 சதவீத வட்டி வைத்தால் மாதம் 6,000. அட்வான்ஸ் வட்டியில்லாமல் ஓனரிடம் தூங்குகிறது என்பதால் இதையும் வாடகையாகவே பாருங்கள். போர் தண்ணீர் உப்பு. வாரத்துக்கு மூன்று லாரித் தண்ணீர், லாரி 900 ரூபாய் என்றால் மாதம் 13 லோடுக்கு 11,700. லோடு பற்றாமல் ஓட்டும் ஜெனரேட்டருக்கு 15,000. ஆட்களை ஏற்றிவர வேனுக்கு 18,000. மொத்தம் 1,10,700. இனி, 5,000 சதுர அடி என்பது சுவருக்கு வெளியே அளந்தது. நடுவில் தூண் வரிசை, ஒரு மூலையில் பழைய ஆபீஸ் ரூம் எல்லாம் கழித்தால் உபயோகத்துக்கு 4,200. அப்படியென்றால் உண்மையான ரேட் சதுர அடிக்கு 26 ரூபாய்க்கு மேல்.

இரண்டாவது ஷெட் பஸ் ரூட்டில் இருக்கிறது. அதுவும் 5,000 சதுர அடி, 16 ரூபாய், மாதம் 80,000. ஆறு மாத அட்வான்ஸ் 4,80,000. வட்டி மாதம் 4,800. நல்ல தண்ணீர், போதிய லோடு, ஆட்கள் பஸ்ஸில் வந்துவிடுவார்கள். மொத்தம் 84,800. நடுவில் தூண் இல்லாததால் உபயோகத்துக்கு 4,700. சதுர அடிக்கு 18 ரூபாய். நாலு ரூபாய் கூடுதல் என்று ஒதுக்கிய ஷெட், உண்மையில் எட்டு ரூபாய் குறைவு.

ஆனால் அதே இரண்டு ஷெட்டையும் அரிசி மூட்டை வைக்க ஒருவர் பார்க்கிறார் என்று வையுங்கள். அவருக்குத் தண்ணீர் வேண்டாம், ஜெனரேட்டர் வேண்டாம், வேன் வேண்டாம். முதல் ஷெட் 66,000 வகுத்தல் 4,200, பதினாறு ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. இரண்டாவது அதே பதினெட்டு. அவருக்கு முதல் ஷெட்தான் சரி. புரோக்கர் இருவரிடமும் சொன்ன ரேட் ஒன்றுதான்.

குடோன்காரருக்கு இன்னொரு கணக்கும் உண்டு. அவர் வாடகைக்கு எடுப்பது தரையை மட்டுமல்ல, காற்றையும்தான். அட்டைப்பெட்டிகளை ரேக் போட்டு அடுக்குகிறவருக்கு 24 அடி உயரமுள்ள ஷெட், 14 அடி ஷெட்டைப் போல் ஒன்றரை மடங்குக்கு மேல் சரக்கு பிடிக்கும். அவர் கன அடியில் ஒப்பிட வேண்டும். ஆளை வைத்து அட்டி போடுகிற மூட்டைச் சரக்குக்கு அந்த உயரத்தால் லாபமில்லை. ஆள் தூக்கி வைக்கும் உயரத்துக்கு மேல் உள்ள இடத்துக்கு அவர் சும்மா பணம் கொடுக்கிறார்.

நேரில் பார்ப்பது

நண்பகலில் போங்கள். ஷட்டரை முழுக்க இறக்கச் சொல்லி, விளக்கை அணைத்துவிட்டு, கண் பழகும்வரை இருட்டில் நில்லுங்கள். அப்புறம் மேலே பாருங்கள். கூரைத் தகட்டில் எங்கெல்லாம் ஊசி ஊசியாக வெளிச்சம் இறங்குகிறதோ அங்கெல்லாம் மழையில் தண்ணீர் இறங்கும். ஓனர் பக்கத்தில் நிற்கும்போதே எண்ணிக்கொள்ளுங்கள். அந்த எண்ணிக்கை வாடகைப் பேச்சில் உதவும். அந்த ஐந்து நிமிடத்தில் இன்னொன்றும் தெரிந்துவிடும்: உள்ளே எவ்வளவு புழுக்கம் என்று. சித்திரை வெயிலில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில் எட்டு மணி நேரம் நிற்கப்போவது உங்கள் ஆட்கள். கூரையில் சுழலும் வென்டிலேட்டர் எத்தனை, எதிரெதிர்ச் சுவரில் ஜன்னல் உண்டா என்று பாருங்கள். காற்றோட்டம் இல்லாத ஷெட்டில் ஆள் நிலைக்க மாட்டார். ஒவ்வொரு முறையும் புது ஆளைப் பழக்குவது எந்த வாடகையையும்விடப் பெரிய செலவு.

தரையில் ஒரு கோலிக்குண்டை வைத்தால் சரிவு தெரியும். சுவரில் தரையிலிருந்து ஓரடி, ஒன்றரை அடி உயரத்தில் நேர்கோடாகக் கறை ஓடுகிறதா, புதிதாக அந்த உயரம் வரை மட்டும் பெயின்ட் அடித்திருக்கிறதா என்று பாருங்கள். மதுரையில் பாதி நிலம் ஒரு காலத்தில் கண்மாயாகவோ கண்மாய்ப் பாசனமாகவோ இருந்தது. 2024 அக்டோபர் கடைசியில் பெய்த மழையில் செல்லூரிலும் பந்தல்குடிக் கால்வாயை ஒட்டியும் தண்ணீர் எங்கே போய் நின்றது என்று நினைத்துப் பாருங்கள். தண்ணீர் பழைய பாதையை மறப்பதில்லை.

இதற்கு நல்ல சாட்சி பக்கத்து டீக்கடை. ஒரு ஷெட்டைப் பார்த்து எல்லாம் பிடித்துப்போய், எதிர்க் கடையில் டீ சொன்னேன். கடைக்காரர் தானாகவே கேட்டார்.

"என்ன தம்பி, ஷெட்டு பாக்க வந்தீகளா?"

"ஆமாண்ணே. நல்லாத்தான் இருக்கு."

"நல்லாத்தான் இருக்கும். இப்ப வைகாசி. கார்த்திகையில கம்மா நெறஞ்சு மறுகால் போறப்ப வந்து பாருங்க. இந்தா, இந்தக் கல்லு வரைக்கும் தண்ணி. லாரி அங்கிட்டே நின்னுக்கிரும், இங்கிட்டு வராது."

அந்த ஷெட்டில் ஓர் ஓட்டையில்லை, தரை கண்ணாடி மாதிரி. ஆனால் அதற்குப் போகும் பாதை வருடத்தில் ஒரு மாதம் இல்லை. விட்டுவிட்டேன்.

லாரி என்றதும், கேட். நாற்பதடிக் கண்டெய்னர் பன்னிரண்டு மீட்டருக்கு மேல் நீளம், இழுக்கும் வண்டி தனி. கேட் அகலமாக இருந்தும் தெரு குறுகலாக இருந்தால் வண்டி திரும்பாது. உங்கள் சரக்கு ஏற்றும் வண்டியையே ஒரு முறை உள்ளே விட்டு வெளியே எடுத்துப் பாருங்கள். வழியில் தாழ்வாகத் தொங்கும் வயர், வளைவில் நிற்கும் மின்கம்பம், பாலத்தடி உயரம் எல்லாம் அந்த ஒரு ட்ரிப்பில் தெரிந்துவிடும். அப்படியே ஒரு பாட்டிலில் போர் தண்ணீரைப் பிடித்துப் பரிசோதனைக்குக் கொடுங்கள். பாய்லர், சாயம், உணவு என்று எது செய்தாலும் அந்தத் தாள் வேண்டும்.

காகிதம்

வில்லங்கச் சான்று, பட்டா இரண்டையும் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம். வீடு வாங்கும்போது பார்க்கிறவர்கள் வாடகைக்கு ஏன் என்று நினைக்கிறார்கள். ஷெட் வங்கியில் அடமானத்தில் இருந்து, ஓனர் தவணை கட்டாமல் போனால், கேட்டில் நோட்டீஸ் ஒட்டப்படும் நாளில் உள்ளே இருப்பது உங்கள் மெஷின். அடமானம் இருந்தால் வங்கியின் சம்மதக் கடிதம் கேளுங்கள். சிட்கோ பேட்டைக்குள் ஒருவர் தன் ஷெட்டை உங்களுக்கு வாடகைக்கு விடுகிறார் என்றால், அதற்குச் சிட்கோவின் அனுமதி வாங்கியிருக்கிறாரா என்று பாருங்கள்.

அடுத்தது நில உபயோகம். மாஸ்டர் பிளானில் அந்த சர்வே எண் எந்த வகையில் இருக்கிறது, கட்டடத்துக்கு அனுமதி எதற்காக வாங்கியது என்பதைப் பொறுத்துத்தான் மற்ற எல்லா உரிமமும். விவசாய வகைப்பாட்டில், குடோன் என்று சொல்லிக் கட்டிய ஷெட்டில் தொழிற்சாலை உரிமம் கேட்டால் அங்கேயே நிற்கும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தொழில்களை, அவை எவ்வளவு மாசுபடுத்தும் என்பதைப் பொறுத்து, வெள்ளை, பச்சை, ஆரஞ்சு, சிவப்பு முதலான நிறங்களாகப் பிரித்திருக்கிறது. மாசு மிகக் குறைந்த வெள்ளையில் வருபவருக்கு இசைவாணை, அதாவது வாரியத்தின் அனுமதி, தேவையில்லை. தண்ணீரைக் கெடுக்கும் தொழில் செய்கிறவர் வைகைக்கும் கண்மாய்களுக்கும் உள்ள தூரத்தை அளந்து பார்க்க வேண்டும். நீர்நிலைகளிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் அதிகம் மாசுபடுத்தும் தொழில் கூடாது என்று 1989-இல் அரசாணை வந்தது. 1998-இல் வந்த இன்னொன்று, வைகை உள்ளிட்ட முக்கிய ஆறுகளுக்கு அதை ஐந்து கிலோமீட்டராக்கியது. மதுரை நகரமே வைகையின் இரு கரையில் இருக்கிறது. சாயப்பட்டறை போன்ற தொழிலுக்கு இடம் தேடுகிறவருக்கு வரைபடத்தில் எவ்வளவு மிஞ்சும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒப்பந்தத்தைப் பதினோரு மாதத்துக்குப் போடுவது ஊர்ப் பழக்கம். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று 1908 பதிவுச் சட்டம் சொல்வதால் வந்த பழக்கம் அது. இரண்டு மேஜை போட்டு வியாபாரம் செய்கிறவருக்கு அது போதும். பவுண்டேஷன் போட்டு மெஷின் இறக்குகிறவருக்குப் போதாது. பதினோராவது மாதம் ஓனர் என்ன கேட்டாலும் கொடுக்க வேண்டிய நிலைமை வந்துவிடும். இயந்திரக் கடன் கொடுக்கும் வங்கியும் கடன் காலத்துக்குக் குறையாத குத்தகையைக் கேட்கும். ஐந்து ஆண்டுக்குப் போட்டுப் பதிவு செய்யுங்கள். முப்பது ஆண்டுக்குக் குறைந்த குத்தகைக்கு முத்திரைத் தீர்வை, மொத்த வாடகையும் அட்வான்ஸும் சேர்ந்த தொகையில் ஒரு சதவீதம். மேலே சொன்ன இரண்டாவது ஷெட்டுக்கு ஐந்தாண்டுக்கு அது ஐம்பதாயிரத்துச் சொச்சம். ஐந்து ஆண்டு நிம்மதிக்கு ஒரு மாத வாடகையைவிடக் குறைவு.

நோட்டீஸ் காலத்தையும் தெளிவாக எழுதுங்கள். 1882 சொத்து மாற்றுச் சட்டத்தின் 106-ஆம் பிரிவு, வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, உற்பத்தித் தொழிலுக்கான குத்தகையை ஆண்டுக் குத்தகையாகவே கருதி ஆறு மாத நோட்டீஸ் தருகிறது. மற்றவற்றுக்குப் பதினைந்து நாள்தான். மெஷினைக் கழற்றி மாற்றுவது எவ்வளவு பாடு என்பது அந்தக் காலத்திலேயே சட்டம் எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. ஒப்பந்தத்தில் ஓனர் "ஒரு மாத நோட்டீஸ்" என்று எழுதி, நீங்களும் கையெழுத்துப் போட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடும்.

வரியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தொழில் இட வாடகைக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். ஓனர் பதிவு பெறாதவராகவும் நீங்கள் பதிவு பெற்றவராகவும் இருந்தால், 2024 அக்டோபர் 10 முதல் அந்த வரியை நீங்களே அரசுக்குக் கட்டி, பிறகு உங்கள் விற்பனை வரியில் கழிக்க வரவு எடுத்துக்கொள்ள வேண்டும். சிறு வியாபாரிகளுக்கான எளிய வரித் திட்டமான காம்போசிஷனில் இருப்பவர்களுக்கு 2025 ஜனவரியில் இதிலிருந்து விலக்குக் கொடுத்துவிட்டார்கள். நிறுவனங்களும் கணக்குத் தணிக்கைக்கு உட்பட்டவர்களும், 2025 ஏப்ரல் முதல், மாத வாடகை ஐம்பதாயிரத்தைத் தாண்டினால் பத்து சதவீத வருமான வரி பிடித்தம் செய்ய வேண்டும். பிடிக்கப்போகிறீர்கள் என்பதை ஓனரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். முதல் மாத வாடகையில் குறைத்துக் கொடுத்து மனக்கசப்பில் தொடங்க வேண்டாம்.

வெளியேறும் நாளைப் பற்றி நுழையும் நாளிலேயே பேசுவதை நம்மவர்கள் அபசகுனமாக நினைக்கிறார்கள். ஆனால் அட்வான்ஸ் திரும்பி வருவதில்தான் அதிகச் சண்டை. குத்தகைதாரர் தான் தரையில் பொருத்தியவற்றைக் காலி செய்வதற்குள் கழற்றி எடுத்துக்கொள்ளலாம், இடத்தை வாங்கிய நிலையில் ஒப்படைக்க வேண்டும் என்பது அதே 1882 சட்டத்தின் 108-ஆம் பிரிவு. "வாங்கிய நிலை" எது என்பதற்கு உங்களிடம் ஆதாரம் வேண்டும். அதனால் சாவி வாங்கும் அன்றைக்கு, ஒரு பொருளும் உள்ளே இறங்குவதற்கு முன், ஓனரையும் கூட வைத்துக்கொண்டு நான்கு சுவர், தரை விரிசல், கூரை, ஷட்டர், மீட்டர் ரீடிங் எல்லாவற்றையும் போனில் படமெடுத்து, அங்கேயே நின்று அவருடைய வாட்ஸ்அப்புக்கு அனுப்புங்கள். பிரஸ் பவுண்டேஷனை உடைத்துச் சமன் செய்ய வேண்டுமா, அப்படியே விடலாமா என்பதையும் அன்றே எழுதிக்கொள்ளுங்கள். பழைய ஷெட்டைக் காலி செய்தபோது எங்கள் ஆறு பவுண்டேஷனையும் உடைக்க நான்கு நாளும், ஒரு கம்ப்ரஸரும், மூன்று டிராக்டர் இடிபாடும் ஆனது. அந்தச் செலவையும் முதல் நாள் ஒப்பீட்டுத் தாளிலேயே ஒரு வரியாக எழுதியிருக்க வேண்டும். இப்போது எழுதுகிறேன்.